தாடிக்கார ஓணானும் நானும்

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டு, "குத்துகிறதே, குடைகிறதே" என்று அழுதானாம் ஒருவன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அடிக்கடி சொல்லும் பேச்சு இது. அந்த ஒருவன் நானாகவே ஆகிவிடுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை!

2023-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுத்த வீட்டில் ஒரு வயதான அம்மாளும் அவருடைய பேரனும் இருந்தார்கள். வெள்ளைக்காரக் குடும்பம். பையனுக்கு 11 வயது. அவன் ஒரு செல்லப் பிராணி வளர்த்தான். நாயா? இல்லை. பூனையா? அதுவும் இல்லை.

ஓணான்!

நம் ஊர் வேலி ஓணானைப் போல இரண்டு மடங்கு பருமன். தலையிலிருந்து வால் நுனி வரை முக்கால் முழத்துக்கு மேல் இருக்கும். மணல் நிறம். உடம்பின் இரண்டு பக்கமும் வரிசையாக முள் முள்ளாகச் செதில்கள். தொண்டைக்குக் கீழேயும் முட்கள். கோபம் வந்தால் தொண்டையை உப்ப வைக்கும். அந்த இடம் கறுத்துப் போகும். பார்ப்பதற்குக் கறுப்புத் தாடி வைத்த சாமியாரைப் போல இருக்கும். அதனால்தான் அதற்குத் "தாடிக்கார ஓணான்" என்று பெயர். அதுவும் நம் வேலி ஓணானும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் தன் ஓணானுக்குப் "புரூஸ்" என்று பெயர் வைத்திருந்தான். நம் ஊரில் முருகன், முத்து என்பது போல, அங்கே ஆண் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்.

பள்ளிக்கூட விடுமுறை வந்தது. பாட்டியும் பேரனும் 10 நாள் வெளியூர் புறப்பட்டார்கள். புரூசைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த அம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து என்னைக் கேட்டார். சும்மா இருக்கிற கிழவன்தானே! நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிறுவனாக இருந்தபோது நான் எத்தனை ஓணானைக் கல்லால் அடித்தேன் என்பதற்குக் கணக்கு இல்லை. ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டுப் பிடித்ததும் உண்டு. அந்தக் கையில்தான் புரூஸ் வந்து சேர்ந்தது.

கண்ணாடி அரண்மனை

நாலு அடி நீளம் உள்ள கண்ணாடிப் பெட்டி. அதுதான் புரூசின் வீடு. ஒரு மூலையில் ஒரு கல். கல்லுக்கு மேலே சூடு தரும் விளக்கு. அந்த இடத்தில் சூடு 40 டிகிரி இருக்க வேண்டும். மறு மூலை 25 டிகிரி. அங்கே நிழல். சூடு வேண்டும் என்றால் கல்லுக்கு வரும். போதும் என்றால் நிழலுக்குப் போகும்.

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. நம் உடம்புக்குச் சொந்தச் சூடு உண்டு. ஓணானுக்கு அது கிடையாது. வெயிலிலிருந்து கடன் வாங்க வேண்டும். உடம்பு சூடு ஏறாவிட்டால் தின்றது செரிக்காது. வயிற்றிலேயே கிடந்து கெட்டுப்போகும். ஆகவே காலையில் விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் உணவு. சாயங்காலத்துக்குப் பிறகு ஒன்றும் கிடையாது. "அடுப்பு எரிகிறபோதுதான் அரிசி போட வேண்டும்" என்று புரிந்துகொண்டேன்.

சூட்டு விளக்கு போக, நீளமாக ஒரு குழல் விளக்கும் உண்டு. அது சூட்டுக்கு அல்ல. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கிறது. புற ஊதாக் கதிர் என்பார்கள். அது தோலில் பட்டால் உடம்பில் "டி" வைட்டமின் உண்டாகும். அந்த வைட்டமின் இருந்தால்தான் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். இல்லாவிட்டால் எலும்பு மெலிந்து வளையும். தாடை ரப்பரைப் போல ஆகிவிடும். பிறகு எதைக் கடிப்பது?

சன்னலோரம் பெட்டியை வைத்தால் போதாதா என்று கேட்டேன். போதாதாம். சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும். அந்தக் கதிரைத் தடுத்துவிடும். குழல் விளக்கிலும் ஒரு வஞ்சகம் உண்டு. சில மாதத்தில் கதிர் குறைந்துவிடும். ஆனால் விளக்கு என்னவோ பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும்! அதனால் விளக்கு மாட்டிய தேதியை அந்த அம்மாள் அதன் மேலேயே எழுதி ஒட்டியிருந்தார்.

கீரை வேண்டாம்!

இப்போது உணவுக்கு வருவோம். அங்கேதான் வழக்கு.

குட்டியாக இருக்கும்போது இந்த ஓணானுக்குப் பூச்சிதான் முக்கியம். வளர்ந்த பிறகு கீரையும் காயும் அதிகம் வேண்டும். பூச்சி குறைவாகப் போதும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஓட்டமும் சாட்டமும் ஏது? பூச்சியாகத் தின்றால் கொழுப்பு ஏறி ஈரல் கெட்டுவிடும்.

இது பையனுக்குத் தெரியும். பாட்டிக்குத் தெரியும். புரூசுக்குத் தெரியாதே!

காலையில் கீரையைப் பொடியாக நறுக்கி வைப்பேன். கூடவே பரங்கிக்காய்த் துருவல். புரூஸ் ஒரு கண்ணால் பார்க்கும். பிறகு தட்டின் மேலேயே ஏறி நடந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். பசலைக்கீரை கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, அடிக்கடி வேண்டாம் என்றார்கள். அதில் உள்ள புளிப்புச் சத்து சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளுமாம். வெண்ணெய்ப் பழம் கூடவே கூடாது. விஷம். மின்மினிப் பூச்சியும் அப்படித்தான். ஒன்றைத் தின்றாலே உயிர் போகக்கூடும். இப்படி இறந்துபோன ஓணான்களைப் பற்றி 1999-லேயே அமெரிக்காவில் எழுதியிருக்கிறார்கள்.

சரி, பூச்சி? இரவில் "கிர் கிர்" என்று கத்துமே சுவர்க்கோழி, அதை அங்கே கடையில் டப்பாவில் விற்கிறார்கள்! அதை ஒரு பையில் போட்டு, சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவி, குலுக்கி எடுக்க வேண்டும். ஓணானின் இரண்டு கண்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளியோ, அதைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கக்கூடாது. விழுங்க முடியாமல் திணறும்.

சுவர்க்கோழியைக் கண்டால் புரூசின் குணமே மாறும். தலையைச் சாய்க்கும். கண் உருளும். "சடக்"கென்று ஒரு பாய்ச்சல். நாக்கு வெளியே வந்து போகும். கறுக், முறுக். தீர்ந்தது! ஓடுகிற பொருள் அதன் கண்ணைச் சட்டென்று இழுக்கும். அசையாத கீரை அந்த அளவுக்கு இழுக்குமா?

இதற்கும் ஒரு ஆராய்ச்சி உண்டு. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பூமிதான் இந்த ஓணானின் பிறந்த ஊர். அங்கே காட்டில் திரிந்த 14 ஓணான்களைப் பிடித்து, வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்து 2015-ல் எழுதினார்கள். என்ன இருந்தது தெரியுமா? பெரும்பாலும் ஈசல்! மழை பெய்ததும் புற்றிலிருந்து கிளம்புமே, நம் ஊரில் பொரித்துத் தின்பார்களே, அதே ஈசல்தான். இதைப் படித்ததும் புரூஸ் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

பையன் ஒரு தந்திரம் சொல்லிக் கொடுத்திருந்தான். செம்பருத்திப் பூ இதழைக் கீரை மேல் போட வேண்டும். சிவப்பு நிறம் அதற்குப் பிடிக்கும். அல்லது ஒரு புழுவைக் கீரைக்குள் விட வேண்டும். புழு நெளியும். இலை ஆடும். புரூஸ் பாயும். புழுவோடு சேர்ந்து ஒரு வாய்க் கீரையும் உள்ளே போகும். பிள்ளைகளுக்குச் சோற்றில் நெய் விட்டு ஏமாற்றுகிறோமே, அதே வித்தைதான்!

மூன்றாம் நாள்

முதல் நாள் புரூஸ் ஐந்து சுவர்க்கோழி தின்றது. இரண்டாம் நாள் மூன்று. மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை.

செம்பருத்திப் பூ வைத்தேன். பார்க்கவில்லை. புழுவை விட்டேன். புழு நெளிந்தது. புரூஸ் கண்ணை மூடிக்கொண்டது. சுவர்க்கோழியை மூக்குக்கு எதிரிலேயே விட்டேன். அது புரூசின் தலைமேல் ஏறி உட்கார்ந்தது!

தின்னாத பூச்சியைப் பெட்டியில் விட்டுவைக்கக்கூடாது. இரவில் அது ஓணானையே கடித்துவிடும். ஆகவே ஒவ்வொன்றாகப் பிடித்தேன். இரண்டு தப்பிவிட்டன. அன்று இரவு என் மகள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஒரே கச்சேரி. எப்படி அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தது? என் சட்டைப் பையில்தான் வந்திருக்க வேண்டும். மகள் என்னிடம் அரை நாள் பேசவில்லை.

நான்காம் நாளும் பட்டினி. எனக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. நம்பி விட்டுவிட்டுப் போன பிராணி! அந்தப் பையன் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது?

டெலிபோன் செய்தேன். அந்த அம்மாள் அமைதியாக ஒவ்வொன்றாகக் கேட்டார். கல்லின் மேல் சூடு எவ்வளவு? 40 டிகிரி. குழல் விளக்கின் தேதி? மாற்றி மூன்று மாதம்தான் ஆகிறது. தோல் உரிகிறதா? உரியும்போது சாப்பாட்டைக் குறைக்கும். உரியவில்லை. குளிர்காலத் தூக்கமா? அந்த நாட்டில் ஜூன், ஜூலை, ஆகஸ்டுதான் குளிர்காலம். அப்போது வாரக்கணக்கில் தூங்கும், சாப்பிடாது. ஆனால் புரூஸ் ஆகஸ்டு கடைசியிலேயே எழுந்துவிட்டது. எடை? சமையலறைத் தராசில் நிறுத்தினேன். அவர்கள் போகும்போது 452 கிராம். இப்போது 447.

"நாலு நாளில் ஐந்து கிராம்தானே! ஆள் இல்லை என்று கோபித்துக்கொண்டிருக்கும்" என்றார் அம்மாள். ஆனால் பின்னால் பையன் விசும்பும் சத்தம் எனக்குக் கேட்டது.

ஐந்தாம் நாள் புதுக் கூத்து. புரூஸ் கண்ணாடியைப் பிராண்டியது. மூலையில் போய்த் தரையைத் தோண்டியது. தோண்டும், நிற்கும், மீண்டும் தோண்டும். கல்லின் பக்கமே வரவில்லை. நான் அருகில் போனேன். முன்கால் ஒன்றைத் தூக்கி மெதுவாக வட்டமாக ஆட்டியது. என் பேத்திக்கு ஆறு வயது. "தாத்தா! புரூஸ் டாட்டா சொல்கிறது!" என்று குதித்தாள்.

அது டாட்டா இல்லை. "நீ பெரியவன், என்னோடு சண்டைக்கு வராதே" என்று சிறிய ஓணான் பெரிய ஓணானுக்குச் சொல்லும் பாஷை அது. இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தெரிந்தபோது என் பழைய கல்லெறி எல்லாம் நினைவுக்கு வந்தது.

டாக்டர் சொன்னது

ஆறாம் நாள் காலை. மகள் காரை எடுத்தாள். ஓணான், பாம்பு இவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். கட்டணத்தைச் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் எங்கள் ஊரில் ஐந்து மாட்டுக்கு வைத்தியம் பார்க்கலாம்!

டாக்டர் புரூசைக் கையில் ஏந்தினார். வயிற்றில் இரண்டு விரலை வைத்து மெல்லத் தடவினார். சிரித்தார். என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். ஒரு சிறு பையில் திராட்சைப் பழங்களைப் போட்டுக் கட்டினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"முட்டை" என்றார் டாக்டர்.

"புரூஸ் ஆண் ஆயிற்றே!" என்றேன்.

"யார் சொன்னது?" என்று கேட்டார் அவர்.

விற்றவர் சொன்னார். பையன் நம்பினான். குட்டியாக இருக்கும்போது ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பது கடினம். விற்றவரையும் குறை சொல்வதற்கில்லை. இன்னொரு வேடிக்கையும் டாக்டர் சொன்னார். இந்த ஓணானின் முட்டை 32 டிகிரிக்கு மேல் சூட்டில் பொரிந்தால், ஆணாகப் பிறக்க வேண்டியதுகூடப் பெண்ணாகப் பிறந்துவிடுமாம்! முட்டையும் இடுமாம்! காட்டிலேயே அப்படி நடக்கிறது என்று கான்பரா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2015-ல் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

"ஆண் துணையே இல்லாமல் முட்டையா?" என்று என் மகள் கேட்டாள். ஆம். கோழியைப் போலத்தான். சேவல் இல்லாவிட்டாலும் கோழி முட்டை இடுகிறதல்லவா? ஆனால் குஞ்சு வராது.

அதற்குப் பிறகு டாக்டர் சிரிக்கவில்லை. வயிறு முழுவதும் முட்டை. அதனால் சாப்பாட்டுக்கு இடம் இல்லை. அதனால்தான் எடையும் அதிகம் குறையவில்லை. முட்டை இட ஈர மணல் வேண்டும். ஆழமாகத் தோண்ட வேண்டும். இந்தப் பெட்டியிலோ வெறும் தரை. இடம் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கிக்கொண்டே இருக்கும். முட்டை உள்ளே சிக்கிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. "இரண்டு நாள் பாருங்கள். இடவில்லை என்றால் கொண்டு வாருங்கள். ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும்" என்றார்.

பிரசவ இரவு

மகள் வீட்டில் துணி போடும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருந்தது. அதைக் கழுவினேன். மணலும் மண்ணும் கலந்து ஒரு அடி ஆழத்துக்கு நிரப்பினேன். தண்ணீர் தெளித்தேன். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்த வீட்டில் பிறந்தவனுக்கு இந்தப் பக்குவம் தெரியாதா?

அன்று புரூஸ் தொட்டிக்குள் இறங்கியது. நாலு தரம் தோண்டியது. வெளியே வந்துவிட்டது. இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

ஏழாம் நாள் மத்தியானம் மறுபடியும் இறங்கியது. இந்தத் தடவை நிற்கவில்லை. முன்காலால் மண்ணை வாரி, பின்காலால் தள்ளியது. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். தலை மறைந்தது. உடம்பு மறைந்தது. வால் மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு உள்ளேயே திரும்பி, தலையை வெளியே நீட்டி உட்கார்ந்தது. தலை முழுவதும் மண். கண் பாதி மூடியிருந்தது. நான் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, தூரத்தில் உட்கார்ந்தேன். பேத்தி என் மடியிலேயே தூங்கிப்போனாள். நாங்கள் பார்க்கிறோம் என்று தெரிந்தால் அது நிறுத்திவிடக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருமல் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இரவு எட்டு மணிக்கு மேல் புரூஸ் வெளியே வந்தது. வந்ததும் படுக்கவில்லை. திரும்பி நின்று மண்ணைத் தள்ளிக் குழியை மூடியது. மூக்கால் தட்டித் தட்டிச் சமப்படுத்தியது. ஒரு குஞ்சும் வராத முட்டைக்கு அத்தனை பத்திரம்! வயிறு ஒட்டிப்போயிருந்தது. இடுப்பு எலும்பு தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

மறுநாள் மண்ணைக் கிளறினேன். வெள்ளை வெளேர் என்று 21 முட்டைகள். தோல் போல மென்மையான ஓடு. புரூசை நிறுத்தினேன். 350 கிராம்.

கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தேன். இது முக்கியம். இந்தப் பிராணிகளின் உடம்பில் வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். 2014-ல் அமெரிக்காவில் தாடிக்கார ஓணான் மூலமாகப் பலருக்கு அந்த நோய் வந்தது. பேத்தியை அதற்கு முத்தம் கொடுக்க விடவே இல்லை.

பிறகு ஒரு சுவர்க்கோழியை விட்டேன். பாய்ந்தது! இன்னொன்று. பாய்ந்தது! வரிசையாகப் பன்னிரண்டு. தட்டில் கிடந்த செம்பருத்தி இதழும் போயிற்று. முட்டை ஓட்டுக்காக உடம்பிலிருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் செலவாகியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே பொடியைத் தாராளமாகத் தூவினேன்.

பையனுக்கு டெலிபோனில் படம் பிடித்து அனுப்பினோம். அந்தப் பக்கம் வெகு நேரம் பேச்சே இல்லை. பிறகு ஒரே கேள்விதான் கேட்டான்.

"பெயரை மாற்ற வேண்டுமா?"

வேண்டாம் என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார். புரூஸ் புரூசாகவே இருக்கிறது. மணல் தொட்டி மட்டும் இப்போது அந்த வீட்டில் நிரந்தரமாக இருக்கிறது.

பத்தாம் நாள் அவர்கள் வந்தார்கள். பையன் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேரே என்னிடம் ஓடி வந்தான்.

"கீரை சாப்பிட்டதா?" என்று கேட்டான்.

எதிரே தட்டு இருந்தது. நறுக்கிய கீரை அப்படியே இருந்தது. அதன் மேல் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது புரூஸ்.